தப்பாக அடித்தாலும் கைதட்டினார்கள்

மந்திரமூர்த்தியை யாராவது "மறுபிறவி எடுத்தவர்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு என்னைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சிரித்து வைப்பான். முன்பற்கள் எல்லாம் கட்டின பற்கள் என்பதால் அது சிரிப்பா, கடுப்பா என்று வெளியாளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சேக் மைதீன். தென்காசியில் மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், கந்தூரி, கட்சிக் கூட்டம், கோயில் கொடை என்று யார் கூப்பிட்டாலும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவேன். மந்திரமூர்த்தி மேலகரத்துக்காரன். நையாண்டி மேளத்தில் நாதசுரம். எங்கள் பக்கத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாக்களில் சாமியாடியை ஆட வைப்பது இந்த மேளம்தான். இரண்டு நாதசுரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தாளம். இதில் பெரிய நாதசுரம் மந்திரமூர்த்தியுடையது. மற்றவர்களுக்கெல்லாம் வாய்க்குப் பக்கத்தில் மைக்கை வைப்பேன். அவனுக்கு மட்டும் இரண்டடி தள்ளி வைப்பேன். அப்படியும் பெட்டியில் சத்தம் காட்டுகிற ஊசி சிவப்பைத் தொடும். அவ்வளவு மூச்சு அவனுக்கு.

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்கு மலை என்றால் வேலை செய்யும் இடம். மூன்று வருஷத்துக்கு முன் சித்ரா பௌர்ணமிக்கு சுரண்டையிலிருந்து ஒரு குடும்பம் மலைமேல் இருக்கிற அம்மன் கோயிலில் பொங்கல் வைக்கப் போனது. கூடவே சின்னதாக ஒரு மேளம். மந்திரமூர்த்தி, தவில் சங்கரநாராயணன், தாளத்துக்கு ஒருவர், அவ்வளவுதான். மேலே மைக்குக்கு அனுமதி இல்லாததால் நான் போகவில்லை. நடந்ததைச் சங்கரநாராயணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பூசை முடிந்து இறங்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. பாறையில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. பொங்கல் பானையோடு வந்த பெண்களுக்கு வழிவிட மந்திரமூர்த்தி ஓரமாக ஒதுங்கினான். ஒதுங்கின இடத்தில் பாசி. கால் போய்விட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வேர் தொங்கியது, அதைப் பிடித்திருந்தால் முட்டியில் சிராய்ப்போடு தப்பியிருப்பான் என்று சங்கரநாராயணன் சத்தியம் பண்ணுகிறான். ஆனால் அவன் கையில் நாதசுரம் இருந்தது. வேறு ஆளாக இருந்தால் கையில் இருப்பதை வீசிவிட்டு வேரைப் பிடிப்பான். நாதசுரக்காரன் விழும்போது இரண்டு கையாலும் குழலை நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் அதுதான் புத்தி. மந்திரமூர்த்தியும் அணைத்துக்கொண்டான். கை இரண்டும் குழலுக்குப் போனதால் பாறையில் முதலில் மோதியது முகம். கீழே இருந்த ஓடையில்தான் உருண்டு நின்றான்.

இரண்டு மூங்கிலில் வேட்டியைக் கட்டி டோலி மாதிரி செய்து அவனை இறக்கினார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. முன்பற்கள் போயின. கீழுதடு கிழிந்து தொங்கியது. இடது தோள்பட்டை எலும்பும் முறிவு. நாதசுரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஒன்றரை மாசம் வாயைத் திறக்க முடியாது. கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு படுத்துக் கிடந்தான். பதில் சொல்ல முடியாதவனைப் பார்த்தால் நம் ஆட்களுக்குப் பேச்சு எங்கிருந்துதான் வருமோ. வந்தவர்களெல்லாம் ஒரே கதையைச் சொன்னார்கள். அம்மன் கையில் ஏந்திக்கொண்டாள், இல்லையென்றால் அந்த உயரத்திலிருந்து விழுந்தவன் பிழைப்பானா என்றார்கள். சுந்தரபாண்டியபுரத்து விஜயசங்கர் ஒருபடி மேலே போய்விட்டார். அவர் பஸ் கண்டக்டர். ஊர்க் கொடையில் முப்பிடாதி அம்மனுக்கு ஆடுகிற சாமியாடியும் அவர்தான். கட்டில் பக்கத்தில் நின்று மந்திரமூர்த்தி நெற்றியில் திருநீறு பூசி, "அண்ணாச்சி, உங்கள அவ தொட்டுட்டா. இனிமே நீங்க எங்கள மாதிரி ஆளு இல்ல" என்றார். வார்டே திரும்பிப் பார்த்துக் கும்பிட்டது.

கம்பியை எடுத்த அன்று நானும் அவன் மனைவி முத்துலட்சுமியும் பக்கத்தில் இருந்தோம். அவன் பேசின முதல் பேச்சு இதுதான்.

"தூக்குனவ பல்லையும் சேத்துத் தூக்கியிருக்கக் கூடாதாலே?"

முத்துலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு அவன் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பல் கட்டின பிறகு நாதசுரத்தை எடுத்தான். குழலின் நுனியில் ஊதுகிற சீவாளியை உதடுதான் பிடிக்க வேண்டும். அவனுடைய கீழுதட்டில் பாதிக்கு உணர்ச்சியே இல்லை. மரத்துப்போய்க் கிடந்தது. ஊதினால் ஓரத்தில் காற்று ஒழுகியது, எச்சில் ஒழுகியது, பல்செட் ஆடியது. குழலிலிருந்து சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. மூன்று மாசம் விடாமல் முயன்றான். கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவான். வெளியே வரும்போது சட்டை நெஞ்சு நனைந்திருக்கும். ஒருநாள் குழலைத் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்தான். அதற்குப் பிறகு இறக்கவில்லை. அவன் இடத்துக்குப் புவனேஷ் வந்தான். புளியங்குடிக்காரன், நன்றாகவே ஊதுகிறான். அதையும் மந்திரமூர்த்தியே சொன்னான். "பய நல்லா ஊதுதான்லே. அதான் எரிச்சலா இருக்கு" என்றான்.

இதன் பிறகுதான் எல்லோரும் அவனுக்கு வாழ்க்கை அமைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மச்சினன் குற்றாலத்தில் சீசன் கடை போடச் சொன்னான், துண்டும் சோப்பும் எண்ணெயும் விற்கலாம் என்று. சூரியகாந்திப் பூவைப் படமெடுக்கச் சுந்தரபாண்டியபுரம் வந்த யூடியூப்காரன் ஒருவன் இவன் கதையைக் கேள்விப்பட்டுத் தேடி வந்துவிட்டான். மலையடிவாரத்தில் நிற்கவைத்து, எப்படி விழுந்தீர்கள், விழும்போது அம்மன் தெரிந்தாளா, வெளிச்சம் தெரிந்ததா என்று குடைந்தான். மந்திரமூர்த்தி "பாசிதாந் தெரிஞ்சுது" என்றான். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டார்கள். நாற்பது வருஷமாக வாசிக்கிற குடும்பம், அவன் வாசித்து ஒரு துண்டுப் படம் எங்கேயும் கிடையாது. விழுந்ததைச் சொல்கிற படத்தை மட்டும் துபாயில் இருக்கிற என் தங்கை மகன்வரை பார்த்துவிட்டு எனக்கே அனுப்புகிறான்.

விஜயசங்கர் விடுகிறவரா? வீட்டுக்கே வந்து அருள்வாக்கு சொல்லச் சொன்னார். வெள்ளி, செவ்வாய் உட்கார்ந்தால் போதும், ஆட்களை நானே அனுப்புகிறேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை, மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் வாசலிலேயே வைத்துத் திட்டி அனுப்பியிருக்கலாம்.

"தம்பி, நான் வாசிக்கிறவன்" என்றான் மந்திரமூர்த்தி.

"அதெல்லாம் போன பிறவி அண்ணாச்சி" என்றார் விஜயசங்கர்.

அன்றைக்கு அவர் போன பிறகு மந்திரமூர்த்தி தண்ணீர்ச் செம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தான். முத்துலட்சுமி சத்தம் போடாமல் எடுத்து நசுங்கலைத் தட்டினாள். "மைதீன் அண்ணே, இந்த மனுசன் எந்த மேளத்துலயாவது நின்னாத்தான் வீட்டுல சோறு எறங்கும் போலருக்கு. நீங்கதான் பாத்து ஏதாவது செய்யணும்" என்றாள்.

நான் செய்ய என்ன இருக்கிறது? வழியை அவனே கண்டுபிடித்தான். பம்பை அடித்துக்கொண்டிருந்த தேவா கத்தாருக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டதால், அவனுடைய பம்பை சங்கரநாராயணன் வீட்டில் சும்மா தொங்கியது. ஒன்றாகக் கட்டின இரண்டு கொட்டு, இடுப்புக்கு முன்னால் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் குச்சியால் அடிக்க வேண்டும். உதடு வேண்டாம், பல் வேண்டாம். மந்திரமூர்த்தி அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

நாற்பத்து நாலு வயதில், பெரிய நாதசுரமாக இருந்தவன், முதல் பாடத்திலிருந்து பம்பை படித்தான். அடி எல்லாம் அவனுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் எந்த அடி விழ வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கைதான் கேட்கவில்லை. வலது கை ஓடியது. தகடு வைத்த தோள்பட்டை என்பதால் இடது கை வேகத்தில் ஒரு மயிரிழை பிந்தியது. மெதுவாக அடித்தால் தெரியாது. சாமி ஆடுகிற வேகத்துக்குப் போனால் நொண்டியடிக்கும். காது இருக்கிறவனுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. தப்பை மற்றவர்களுக்கு முன்னால் அவன்தான் கேட்பான்.

முன்னே அவன் நாதசுரம் பழகும்போது எதிர்வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து, "ஏ மந்திரம், பிள்ள படிக்குலே, நிப்பாட்டு" என்று கத்துவார். இப்போது பம்பையைப் போட்டு அடி அடி என்று அடிக்கிறான், அதே மனுஷர் வாசலில் நின்று, "நல்லா அடிக்கிய அண்ணாச்சி, அடிங்க" என்கிறார். அன்றைக்கு மந்திரமூர்த்தி என்னிடம் சொன்னான், "மைதீனு, நான் செத்துட்டேன்னு இவனுவ முடிவு பண்ணிட்டானுவ போலருக்குலே. செத்தவனத்தான் யாரும் குத்தஞ் சொல்லமாட்டான்."

சங்கரநாராயணன் அவனை மேளத்தில் சேர்த்துக்கொண்டான். நட்புக்காகத்தான், மறைக்க என்ன இருக்கிறது. சுரண்டைப் பக்கத்தில் ஒரு கொடை. மேளம் தொடங்குவதற்கு முன்னால் சங்கரநாராயணன் என் மைக்கை வாங்கிப் பேச ஆரம்பித்தான். மலை, மழை, பாசி, அம்மன், டோலி, ஒன்று விடவில்லை. கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அடித்தார்கள். வேகம் ஏறின இடத்தில் பம்பை நொண்டியது. எனக்குக் கேட்டது, புவனேஷுக்குக் கேட்டது, அவன் திரும்பிப் பார்த்தான். கூட்டம் கைதட்டியது. இன்னும் தப்பாக அடித்தான், கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. ஒரு பெரியவர் வந்து தோளில் துண்டு போர்த்தினார். நான் பம்பை மைக்கைக் குறைத்தேன். யார் தப்பாக அடித்தாலும் நான் அதைத்தான் செய்வேன், என் தொழில் அது.

இடைவேளையில் நேராக என்னிடம் வந்தான்.

"என் மைக்க ஏன்லே கொறச்ச?"

"தப்பா அடிச்ச. கொறச்சேன்."

நான் சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன். அவன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப வாயத் தொறந்து சொல்லேன்டா. தப்புன்னு ஒரு பய சொல்ல மாட்டேங்கான். பாத்தியா, துண்டு போத்துதானுவ. நொண்டி நாய்க்குச் சோறு போடுத மாதிரில்லா கைதட்டுதானுவ."

"நான் சொல்லுதேன்லா?"

"நீ சொன்னா காணாது மைதீனு. நீ கூட்டாளி. கேக்க வந்தவன் சொல்லணும். பம்பை சரியில்லன்னு கூட்டத்துல ஒருத்தன் கத்தணும். அன்னைக்கித்தான் நான் மேளக்காரன். அதுவரைக்கும் விழுந்தவந்தான்."

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து கொடைகள். எல்லா ஊரிலும் அதே கதை, அதே கண்ணீர், அதே துண்டு. கதையைச் சொல்லாதே என்று சங்கரநாராயணனைக் கெஞ்சிப் பார்த்தான். அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவன் சொல்லிவிட்டான். வீட்டில் மந்திரமூர்த்திக்குச் சோறு இறங்கவும் இல்லை.

போன ஆடியில் சுந்தரபாண்டியபுரத்துக் கொடை வந்தது. விஜயசங்கர் ஆடுகிற கோயில். ஒருவாரமாகச் சாரல். காலையிலேயே பம்பையை நெருப்பில் காட்டிக் காட்டித் தோலை முறுக்கினான் மந்திரமூர்த்தி. வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது என்னிடம் வந்து, "இன்னைக்கி என் மைக்கக் கொறச்சே, உன் பெட்டிய ஒடச்சிருவேன். தப்புனாலும் ஊருக்கே கேக்கட்டும்" என்றான். சரி என்றேன். தெரு முனைவரை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம்.

நடுப்பகல் உச்சிக்கொடை. வெயிலும் சாரலுமாக மாறி மாறி அடித்தது. சங்கரநாராயணன் வழக்கம்போலக் கதையைச் சொன்னான், கூட்டம் உச்சுக் கொட்டியது. விஜயசங்கர் மஞ்சள் துணி கட்டி, கையில் வேப்பிலையோடு வந்து நின்றார். நிற்பதற்கு முன்னால் மந்திரமூர்த்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சாமியாடி மேளக்காரனைக் கும்பிடுவதை நான் எந்தக் கொடையிலும் பார்த்ததில்லை. மந்திரமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

புவனேஷ் எடுத்துக் கொடுத்தான். தவில் சேர்ந்தது. பம்பை சேர்ந்தது. மெதுவாகப் போனவரை சுத்தமாக இருந்தது. விஜயசங்கர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். வேகம் ஏறியது. ஒரு கத்தல், சாமி வந்துவிட்டது. வந்த சாமி மூன்று சுற்று ஆடியது, நான்காவது சுற்றில் கால் தடுமாறியது. மறுபடி எடுத்தார், மறுபடி தடுமாறினார். எங்கே தடுமாறுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பம்பையின் இடது அடி விழ வேண்டிய இடத்தில்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு ஆட்டம் கூடவில்லை என்றால் அது மேளக்காரனை நேருக்கு நேர் நின்று கேட்கும். அந்த நேரத்தில் அண்ணாச்சி, தம்பி என்ற மரியாதையெல்லாம் கிடையாது. ஆடிக்கொண்டிருந்த விஜயசங்கர் நின்றார். கண் செக்கச்செவேலென்று இருந்தது. நேராக மந்திரமூர்த்திக்கு முன்னால் வந்து, அவனுடைய மைக்குக்கு மேலேயே குனிந்தார்.

"ஏலே பம்பை!"

தெரு முனைவரை அத்தனை குழாயிலும் அந்தச் சத்தம் போனது.

"எங்கலே போவுது உன் எடது கை? நான் காலத் தூக்குதேன், நீ கீழ போட மாட்டேங்க! அடிக்கத் தெரிஞ்சா அடி, இல்லன்னா அவுத்து வச்சிட்டுப் போ!"

என் கை தன்னால் சத்தம் குறைக்கும் குமிழுக்குப் போனது. மந்திரமூர்த்தி என்னை ஒரு முறை பார்த்தான். கையை எடுத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு மூன்று வருஷமாக அடைத்திருந்த வாய் திறந்துகொண்டது. அம்மனே சொன்ன பிறகு மனுஷருக்கு என்ன பயம்? "ஆமா, அப்பமே பிடிச்சி இடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் ஒருவர். "கொடைக்கு வேற பம்பைக்காரனா கெடைக்கல?" என்று ஒரு அம்மாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். துண்டோடு தயாராக நின்றவர் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மந்திரமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. நாலு அடிக்கு ஒன்று பிந்தியது. சங்கரநாராயணன் தவிலைத் தூக்கி அடித்துச் சாமியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆட்டம் எப்படியோ நிறைவேறியது. ஆனால் மந்திரமூர்த்தி முகத்தில் இருந்த மும்முரத்தை அவன் விழுந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. வேர்த்துக் கொட்டியது, வாய் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தது. யாரும் அவனைக் கும்பிடவில்லை.

படைப்புச் சோற்றுக்கு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் அவனைக் காணவில்லை. பந்தலுக்குப் பின்னால் என் வண்டி நின்ற இடத்திலிருந்து சத்தம் வந்தது. ஸ்டெப்னி டயரைச் சுவரில் சாய்த்து வைத்து, இடது கையால் மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். அடிக்கு ஒரு கெட்ட வார்த்தை. நான் அங்கே போய் நிற்கும்போதே விஜயசங்கரும் ஓடிவந்தார். மஞ்சள் துணியை மாற்றி, சட்டை போட்டு, பழையபடி கண்டக்டராகியிருந்தார்.

"அண்ணாச்சி, நான் என்னமோ பேசிட்டேனாமே. எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல. மன்னிச்சிருங்க."

"பேசுனது நீயா, அம்மனா?"

"அம்மன்தான் அண்ணாச்சி."

"பொறவு நீ எதுக்கு மன்னிப்புக் கேக்க?"

விஜயசங்கர் கையைப் பிசைந்தார். பிறகு அந்தப் பழைய குரலில் தொடங்கினார். "இல்ல அண்ணாச்சி, அந்த மலையில விழுந்து எந்திரிச்சி, நீங்க இந்த அளவுக்கு அடிக்கதே பெரிய..."

"வாய மூடுலே" என்றான் மந்திரமூர்த்தி. "சாமி சரியாத்தான் சொல்லிருக்கு. நீ வந்து கெடுத்துராத."

சொல்லிவிட்டுக் குச்சியை மாற்றிப் பிடித்துக்கொண்டு டயரின் பக்கம் திரும்பினான்.